பில்லுக்குப் பாய்ந்த சம்பந்தி

எங்கள் துறைமுக ஊரான கீலுங்கில் ஹோட்டல் பில்லுக்கு அடித்துக்கொள்ளாத குடும்பம் கிடையாது. சாப்பிட்டு முடித்துப் பல் குத்துகிற நேரத்தில்தான் எங்கள் விருந்தே ஆரம்பிக்கும். ஒருவர் எழுவார், இன்னொருவர் அவர் சட்டையைப் பிடித்து இழுப்பார், மூன்றாமவர் கை கழுவுகிற சாக்கில் கல்லாவுக்கு ஓடுவார். "என்னை அவமானப்படுத்தாதே!" என்று கூச்சல் வேறு. கல்லாவில் இருக்கும் பெண் எந்தக் கை முன்னால் நீள்கிறதோ அதிலிருந்து வாங்கிப் போட்டுக்கொள்வாள். இந்தச் சண்டையில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிற ஆம்பளையை ஊர் ஒரு பொருட்டாக மதிக்காது.

லியன் ஜின்ஃபா ஒரு தடவை கூட உட்கார்ந்திருந்ததில்லை. ஒரு தடவை கூட ஜெயித்ததும் இல்லை.

தற்செயல் என்று நினைத்துவிடாதீர்கள். மனுஷன் தோற்பதில் கைதேர்ந்தவர். பர்ஸைப் பின் பாக்கெட்டில் போட்டு பட்டனை இறுக்கி மாட்டியிருப்பார். "இந்தத் தடவை நான்தான்!" என்று முதல் ஆளாகச் சத்தம் போடுவார், சத்தத்தில் குறையே வைக்கமாட்டார். எழும்போது நாற்காலி காலில் மாட்டும். பட்டன் கழலாது. அதற்குள் மீன் மொத்த வியாபாரம் செய்கிற தம்பி சுங்ஹோ கல்லாவில் காசை வைத்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருப்பான். அவன் தோளில் ஒரு குத்து விடுவார் ஜின்ஃபா. "எப்பப் பாரு நீயே குடுத்தா அப்புறம் நான் எதுக்குடா அண்ணன்னு இருக்கேன்?" குத்து நிஜமாகவே வலிக்கும்படி இருக்கும். தம்பி மனைவி மட்டும் உதட்டைச் சுழித்துக்கொண்டு தேநீர் குடிப்பாள். அந்தச் சுழிப்பை ஜின்ஃபா பார்க்காத மாதிரி பார்ப்பார்.

அவர் அப்படியொன்றும் கஞ்சர் அல்ல. ஒரு காலத்தில் கோயில் தெருவுக்குப் பின்னால் செல்போன் கடை வைத்திருந்தார். ஊரே போன் மாற்றிக்கொண்டிருந்த காலம். அதே காலத்தில் வங்கிக்காரர்கள் தெருவுக்குத் தெரு மேஜை போட்டு, கார்டு எடுத்தால் சக்கரம் வைத்த பெட்டி இலவசம் என்று கூவிக்கொண்டிருந்தார்கள். ஜின்ஃபா பெட்டிக்காக ஒரு கார்டு எடுத்தார். பெரிய கடைகள் வந்து அவர் கடை தள்ளாடியபோது அந்தக் கார்டைத் தேய்த்து வாடகை கொடுத்தார். அதைக் கட்ட இன்னொரு கார்டு, அதைக் கட்ட வேறொன்று. கடன் குட்டி போட்டது, குட்டியும் குட்டி போட்டது. கடை போயிற்று. மீன் உருண்டை செய்கிற தொழிற்சாலையில் வேன் ஓட்டப் போனார். அங்கேயும் வசூல்காரர்கள் போன் போட்டார்கள். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பத்துப் பேர் பார்க்க அவர் ஆபீசுக்குள் போய், முதுகைத் திருப்பிக்கொண்டு, "சரிங்க, சரிங்க, கட்டிடறேங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வருவார். "யாரு போன்ல?" என்று கேட்டவர்களிடம், "இன்சூரன்ஸ்காரன், விட மாட்டேங்கறான்" என்று சிரிப்பார். யாரும் நம்பவில்லை. நம்பவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

கடைசியில் அவர் மனைவி பீயுன்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எந்த வங்கிக்குப் பாக்கி அதிகமோ அந்த வங்கியே மற்ற வங்கிகளையும் சேர்த்துப் பேசி முடித்தது. வட்டியை நிறுத்தினார்கள். எல்லாக் கடனையும் ஒன்றாக்கி, மாதம் எட்டாயிரத்துச் சொச்சம் யுவான், பத்தாம் தேதிக்குள், பத்து வருஷம் கட்டச் சொன்னார்கள். கார்டுகளை அங்கேயே கத்தரிக்கோலால் வெட்டச் சொன்னார்கள். ஜின்ஃபா தன் கையாலேயே வெட்டினார். அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: ஒரு தவணை தவறினாலும் ஏற்பாடு முறிந்துவிடும், தள்ளிவைத்த வட்டி முழுக்கத் தலையில் விழும். அந்த வரியை பீயுன் அங்கேயே இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

அதற்கப்புறம் அவர்கள் எங்கும் போகவில்லை, எதுவும் வாங்கவில்லை. பீயுன் இறால் உரித்தாள். அவர் முடியை அவளே வெட்டிவிட்டாள், ஒரு பக்கம் எப்போதும் சற்றுத் தூக்கலாக இருக்கும். ஒரு மாதம் கூடத் தவறாமல் கட்டி வந்தார்கள். இன்னும் ஒன்றரை வருஷம்தான் பாக்கி. தம்பிக்குத் தெரியாது. தைபேயில் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிற ஒரே மகள் ரூயினுக்கும் தெரியாது. கடன் வாங்கியது கூடப் பரவாயில்லை, மகள் தன்னை ஒரு மாதிரி பார்த்துவிடுவாளோ என்பதுதான் மனுஷனை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

அந்த மகளுக்குத்தான் கல்யாணம் கூடி வந்தது. பையன் யூசெங், லிஃப்ட் பழுது பார்க்கிறவன். யீலான் பக்கத்துக் கிராமம். அவன் அப்பா ஜியான் ஷுய்மு அங்கே வெங்காயத்தாள் பயிரிடுகிறவர். இரண்டு வீட்டாரும் முறைப்படி சந்தித்துப் பேச ஒரு சனிக்கிழமை மதியம் கீலுங் துறைமுகத்துப் பக்கம் ஒரு மீன் ஹோட்டலில் சாப்பாடு என்று ஏற்பாடாயிற்று. பெண் கேட்டு வருகிறவர்கள்தான் செலவு செய்வார்கள். பெண்ணின் அப்பா பாய வேண்டும், தோற்க வேண்டும். ஜின்ஃபாவுக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி.

கிளம்புகிற நேரத்தில் அவர் பர்ஸில் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்ததைப் பீயுன் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, அது திங்கட்கிழமை கட்டற பணமாச்சே!"

"சும்மா பார்வைக்குத்தான். காலிப் பர்ஸைத் தூக்கிட்டுப் பாய்ஞ்சா யாராவது நம்புவாங்களா? சம்பந்தி வீட்டுக்காரங்க. கொஞ்சம் தடிப்பா இருக்கணும்."

"தடிப்புதானே வேணும்? பேப்பரை மடிச்சு வையுங்க."

"கீழ விழுந்தா? பொண்ணுக்குச் சம்பந்தம் பேசற அன்னிக்குப் பர்ஸ்ல பழைய பேப்பரா?"

பீயுனுக்கு அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அந்த நியாயம் நாசமாய்ப் போக!

சாப்பாடு நன்றாகவே நடந்தது. ஷுய்மு அதிகம் பேசாத மனிதர், நகக்கண்ணில் வயல் மண். தொட்டியில் நீந்துகிற மீன்களைக் காட்டி, "உங்க ஊரு, நீங்களே சொல்லுங்க சம்பந்தி" என்றார். ஜின்ஃபா இருந்ததிலேயே பெரிய களவா மீனைச் சுட்டிக் காட்டினார். செலவு அவர்களுடையது என்கிற தெம்பில்தான் காட்டினார், அதை மறைத்து என்ன பயன்? நண்டுச் சாதம் வந்தது, இறால் வந்தது. பெண்ணுக்குக் கொடுக்கிற பரிசப் பணத்தைப் பற்றி ஷுய்முவின் மனைவி மெல்ல ஆரம்பித்தபோது, ஜின்ஃபா நெஞ்சை நிமிர்த்தி, "ஒரு காசு வேண்டாம். நாங்க என்ன பொண்ணை விக்கவா போறோம்?" என்றார். மேஜைக்கு அடியில் பீயுன் மிதித்த மிதியில் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைப் பாசம் என்று நினைத்து ஷுய்முவின் மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பழத் தட்டு வந்தது. ஷுய்மு எழுந்தார். ஜின்ஃபா துள்ளி எழுந்தார்.

"சம்பந்தி, உட்காருங்க! என் ஊருக்கு வந்துட்டு நீங்க குடுக்கறதா? ஊர்ல நான் தலை காட்ட முடியுமா?"

"அட, இது எங்க செலவு..."

"பேசாதீங்க! என் மானத்தை வாங்காதீங்க!"

கல்லா வரைக்கும் இருவரும் ஒருவர் முழங்கையை ஒருவர் பிடித்துக்கொண்டே போனார்கள். சம்பந்தி வீடாயிற்றே, கொஞ்சம் தூக்கலாகவே நடிக்கலாம் என்று ஜின்ஃபா பர்ஸையே திறந்து நோட்டுக் கற்றையை வெளியே எடுத்து ஆட்டினார். ஷுய்மு அவர் மணிக்கட்டைப் பிடித்தார். நல்ல பிடி, வயலில் வேலை செய்கிற கை. ஜின்ஃபாவுக்கு நிம்மதியாக இருந்தது. இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் தோற்றுவிடலாம்.

தள்ளினார். ஷுய்மு கையை எடுத்துவிட்டார்.

"சரி சம்பந்தி. உங்க இஷ்டம். ரொம்ப நன்றி."

பூட்டியிருக்கிறது என்று முட்டிய கதவு திறந்துகொண்டால் எப்படி இருக்கும்? ஜின்ஃபா கல்லாவின் மேலேயே போய் விழாத குறை. நீட்டிய கையில் நோட்டு. கல்லாப் பெண் வாங்கிக்கொண்டாள், எண்ணினாள், கொஞ்சம் சில்லறையும் ஐந்தாறு புதினா மிட்டாயும் கொடுத்தாள். பின்னால் ரூயின் கை தட்டாத குறையாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். பீயுன் முகத்தில் ஈயாடவில்லை.

மகள் யூசெங்குடன் கடற்கரைப் பக்கம் போனதும், வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பீயுன் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே தள்ளு! ஒரே தள்ளுக்கு விட்டுட்டான் பாருங்க, கஞ்சப் பிசினாறி! மூணு தடவையாவது மல்லுக்கட்ட வேண்டாம்? அந்த ஊர்ல இதெல்லாம் சொல்லிக்குடுக்கலையா?"

"அவரு பட்டிக்காட்டு மனுஷன் பீயுன்..."

"நீங்க பட்டணத்து மனுஷன்தானே? பெரிய மீனைக் காட்டினது யாரு? நோட்டை எடுத்து விசிறினது யாரு? எட்டரை வருஷம்ங்க! இறால் உரிச்சு உரிச்சு என் விரலைப் பாருங்க!"

ஜின்ஃபா விரல்களைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். கடன் வாங்கியபோது வந்த வெட்கத்தைவிட இது மோசமானது. அப்போது தெரியாமல் செய்தார். இப்போது தெரிந்தே, நாலு பேர் பார்க்க, மிடுக்காகச் செய்தார்.

மறுநாள் காலையில் தம்பியிடம் கேட்டுவிடுவது என்று மீன் சந்தைக்குப் போனார். சுங்ஹோ ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான். "என்னண்ணே, இந்நேரத்துல?" என்றான். பக்கத்தில் அவன் மனைவி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் கேட்க வந்ததை விட்டுவிட்டார். "ஒண்ணுமில்லடா, ரூயினுக்கு இடம் முடிஞ்சிடுச்சு. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். தம்பி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நல்ல விஷயம் சொன்னதற்கு ஒரு பெரிய வஞ்சிர மீனைப் பையில் போட்டுக் கொடுத்தான். "நேத்து சம்பந்திக்கு நீங்கதான் விருந்து வெச்சீங்களாமே, பெரியத்தான்? ஹோட்டல்காரங்க மீன் எடுக்க வந்தப்ப சொன்னாங்க" என்றாள் தம்பி மனைவி. அவள் உதடு அன்றைக்குச் சுழிக்கவில்லை. முதல்தடவையாக மரியாதையோடு பார்த்தாள். பணம் கேட்கப் போனவர் மீனோடு வீடு வந்து சேர்ந்தார்.

ரூயின் அந்த மீனைத் துண்டு போட்டுக்கொண்டே பாட்டு முணுமுணுத்தாள். வந்ததிலிருந்து அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"அப்பா, ஒண்ணு சொல்லட்டா? கோபப்படக்கூடாது."

"சொல்லு."

"நேத்து யூசெங்கோட அப்பா விட்டுக்குடுத்தாருல்ல? அது நான் சொல்லித்தான்."

பீயுன் சோறு கிண்டிய கரண்டியோடு திரும்பினாள். ஜின்ஃபா மகளையே பார்த்தார்.

"சின்ன வயசிலேருந்து பாக்கறேன்பா. சித்தப்பா உங்களைத் தள்ளிட்டுத் தள்ளிட்டுப் பணம் குடுப்பாரு. நீங்க பாவம், பட்டனோட மல்லுக்கட்டிட்டு நிப்பீங்க. சித்தி ஒரு பார்வை பாப்பாங்க. எனக்கு வயிறு எரியும். என் கல்யாணப் பேச்சுலயாவது எங்கப்பா ஜெயிக்கணும்னு யூசெங்கிட்ட அழுதே சொன்னேன். அவங்கப்பாவை ஒத்துக்க வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சாம். நீங்க நேத்து எப்படி நின்னீங்க தெரியுமா? ராஜா மாதிரி!"

பீயுன் கரண்டியை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். சம்பந்தியைத் திட்டியதெல்லாம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

ஜின்ஃபா எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். அப்படியே விட்டுவிடலாமா? மகள் ராஜா என்கிறாள். ஒரு நாளாவது ராஜாவாக இருந்துவிட்டுப் போகலாமே. விட்டால் நாளை தவணை போகும். தவணை போனால் ஒலிபெருக்கியில் மறுபடி பெயர் வரும். பீயுன் உரித்த இறாலெல்லாம் வீணாய்ப் போகும். மகள் புகுந்த வீட்டுக்கும் போன் போட மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். மகள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மீன் துண்டுகளைப் பார்த்துச் சொன்னார்.

"நான் பட்டனோட மல்லுக்கட்டலம்மா. வேணும்னேதான் தோத்தேன். வருஷா வருஷம் வேணும்னேதான்."

"என்னப்பா சொல்றீங்க?"

சொன்னார். கடை, கார்டு, ஒப்பந்தம், பத்தாம் தேதி, பர்ஸ் தடிப்புக்காக வைத்த பணம், எல்லாம். அவர் விட்டதைப் பீயுன் சொன்னாள். ரூயின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தார், அழவில்லை. அவள் முகம் சிவந்துபோயிருந்தது.

"என்கிட்ட ஏன்பா சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? அப்பா ஒரு பெட்டிக்கு ஆசைப்பட்டுக் கடன்காரனாயிட்டேன்னா?"

"நாளைக்குக் கட்டற பணத்தை நான் தர்றேன். அது ஒண்ணும் பெரிசில்ல. ஆனா அடுத்த சனிக்கிழமை என்ன பண்ணுவீங்க?"

"அடுத்த சனிக்கிழமை என்ன?"

"யூசெங்கோட அப்பாவுக்கு ராத்திரி தூக்கமே வரலையாம். பொண்ணு வீட்டுக்காரங்க காசுல தின்னுட்டு வந்துட்டோமேன்னு. அதுக்கு ஈடா நேத்தையதைவிடப் பெரிய ஹோட்டல்ல சொல்லி வெச்சிருக்காரு. சித்தப்பா குடும்பத்தையும் சேர்த்துக் கூப்பிடப் போறாரு. நீங்க அங்க எழுந்து பாய்வீங்க. சித்தப்பா பாய்வாரு. அப்புறம் நிச்சயம், அப்புறம் கல்யாணம், அப்புறம் மறுவீடு. எத்தனை தடவைப்பா பாய்வீங்க?"

ரூயின் தன் போனில் யூசெங்கின் அப்பா எண்ணைப் போட்டு ஜின்ஃபா கையில் வைத்தாள். "நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா உங்களுக்கு இன்னும் கஷ்டம்."

பேசாமல் போனை வைத்துவிடலாமா என்று பார்த்தார். அதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"சம்பந்தி! சொல்லுங்க, சொல்லுங்க! சனிக்கிழமை தடபுடல் பண்ணிடலாம்..."

"சம்பந்தி, அது வேண்டாம். நான் வந்தா எழுந்து பில்லுக்குக் கை நீட்டணும். என்னால முடியாது. நேத்துக் குடுத்தது என் கடன் தவணைக் காசு. பல வருஷமாக் கட்டிட்டு வர்றேன். நாளைக்குக் கட்டணும். உங்ககிட்டத் தோத்துடலாம்னு நம்பித்தான் பர்ஸைத் திறந்தேன்."

அந்தப் பக்கம் கோழி கத்துவது மட்டும் கேட்டது. கல்யாணம் நின்றுவிட்டது என்றே ஜின்ஃபா நினைத்தார். ரூயினைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"அப்ப நாங்க தின்ன மீனு..." என்றார் ஷுய்மு. "ஐயையோ! என்ன சம்பந்தி இது? நான் ரெண்டாந் தடவை வேற எடுத்துப் போட்டுக்கிட்டேனே!"

"நான்தான் அந்த மீனைக் காட்டினேன் சம்பந்தி. தப்பு என்னுது."

"என்ன தப்பு, யாரு தப்பு? முறைப்படி அது எங்க செலவு. பசங்க பேச்சைக் கேட்டு நான் கையை எடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். நாளைக் காலைல முதல் வண்டிக்கு வர்றேன்."

"ஐயோ, வேண்டாம் சம்பந்தி! ரூயின் தர்றேன்னு சொல்லிட்டா."

"பொண்ணுகிட்ட வாங்குவீங்க, என்கிட்ட வாங்க மாட்டீங்களா?"

ஜின்ஃபா வாயைத் திறந்தார். வேண்டாம் என்று சொல்ல எத்தனையோ வார்த்தைகள் அவருக்குத் தெரியும், ஆயுள் முழுக்கப் பழகியவை. ஒன்றையும் எடுக்காமல், "ஸ்டேஷன் வாசல்ல நிக்கறேன்" என்றார்.

திங்கட்கிழமை மழை. கீலுங்கில் எப்போதும் மழைதான். தொழிற்சாலையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு ஜின்ஃபா ரயில் நிலைய வாசலில் நின்றார். ரயில் மாறி வந்த ஷுய்மு ரப்பர் செருப்போடு இறங்கி வந்தார். வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மேல்சட்டைக்குள்ளிருந்து பணம் போட்ட ஒரு சிவப்பு உறையை எடுத்து நீட்டினார்.

சிவப்பு உறையை நீட்டினால் எங்கள் ஊரில் யாரும் உடனே வாங்கமாட்டோம். இரண்டு தடவை தள்ளிவிட்டு, மூன்றாவது தடவை முணுமுணுத்துக்கொண்டே வாங்குவோம். பால் குடிக்கிற குழந்தைக்குக் கொடுத்தால் அதன் அம்மா இரண்டு தடவை தள்ளுவாள். ஜின்ஃபாவின் கையும் பழக்கத்தில் தள்ளத்தான் எழுந்தது. எதிரே நிற்பவரோ ஒரே தள்ளில் கையை எடுத்துவிட்ட மனுஷன். பத்தாம் தேதி. வங்கி திறந்திருக்கிறது.

எழுந்த கையைத் திருப்பி, இன்னொரு கையையும் சேர்த்து, இரண்டு கையாலும் உறையை வாங்கிக்கொண்டார். காது மடல் வரை சுட்டது. போகிற வருகிற எல்லோரும் தன்னையே பார்க்கிற மாதிரி இருந்தது.

ஷுய்மு திகைத்துப்போனார். அவரும் மூன்று தடவைக்குத் தயாராகத்தான் வந்திருக்கிறார் போலிருக்கிறது, கை இன்னும் முன்னால் நீண்டே இருந்தது. "ஒரு தடவையாவது வேண்டாம்னு சொல்லக்கூடாதா சம்பந்தி?" என்றார்.

"சொன்னா நீங்க எடுத்துட்டுப் போயிடுவீங்களே."

ஷுய்மு வாய்விட்டுச் சிரித்தார். ஜின்ஃபா சிரிக்கவில்லை. அவர் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. உறையை உள் பாக்கெட்டில் வைத்து, அதன்மேல் கையை அழுத்திக்கொண்டே வங்கிக்கு நடந்தார்.